பெயர் யாருக்குப் போகிறது? – சீமை எண்ணெய் முதல் சான்ட்ரோ வரை

தமிழில் 'சீமை' என்று தொடங்கும் பொருள்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பட்டியல் போட்டுப் பார்த்தேன். சீமை எண்ணெய், சீமைக் கருவேலம், சீமைக் கத்திரிக்காய், சீமை அகத்தி, சீமைத் துணி, சீமைச் சரக்கு. சீமை என்றால் முதலில் எல்லை, நாடு என்றுதான் பொருள். சிவகங்கைச் சீமை என்று இன்றைக்கும் சொல்கிறோம். வெள்ளைக்காரன் காலத்தில் அந்தச் சொல் இங்கிலாந்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. 'சீமைக்குப் போய்ப் படிச்சவர்' என்றால் லண்டன் போனவர்.

இந்தப் பட்டியலில் ஒரு வேடிக்கை இருக்கு. இதில் பல பொருள்களுக்கும் இங்கிலாந்து மண்ணுக்கும் சம்பந்தமே கிடையாது. சீமைக் கருவேலம் மெக்சிகோ, தென் அமெரிக்கப் பக்கத்து மரம். சீமைக் கத்திரிக்காய், அதாவது நம்ம சௌசௌ, அதுவும் மெக்சிகோ. அதையே பெங்களூர் கத்திரிக்காய் என்று சொல்பவர்களும் உண்டு. மண்ணெண்ணெய் அமெரிக்காவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் வந்தது, அப்புறம் பர்மாவிலிருந்து வந்தது. எல்லாவற்றுக்கும் நம்ம ஆட்கள் ஒரே சீட்டைத்தான் ஒட்டினார்கள்: சீமை. எங்கே விளைந்தது என்று யாரும் கேட்கவில்லை. யார் கப்பலில் வந்தது, யார் கடையில் விற்றது என்பதுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

நாம் மட்டும் இப்படி இல்லை. அமெரிக்கக் கண்டத்துப் பறவையான வான்கோழிக்கு ஆங்கிலேயர்கள் துருக்கியின் பெயரை வைத்தார்கள். சர்க்கரை கதை இன்னும் சுவாரசியம். ஆங்கில 'சுகர்' என்ற சொல்லைத் தோண்டினால் நம்ம பக்கத்து 'சர்க்கரா'வில்தான் போய் நிற்கும். ஆனால் வெள்ளைச் சர்க்கரைக்கு நாம் வைத்த பெயர் சீனி, அதாவது சீனத்துச் சரக்கு. கற்கண்டுக்கு வடக்கே 'மிஸ்ரி', அதாவது எகிப்துச் சரக்கு. கரும்பைக் காய்ச்சி உலகத்துக்கே கொடுத்தவர்கள் வீட்டில், டப்பாவின் மேல் இரண்டு வெளிநாட்டுப் பெயர்கள்.

ஒரு நாட்டைப் பற்றி வெளியாட்கள் மனசில் இருக்கும் படம் எப்படி உருவாகிறது என்று கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். தூதரகம், சினிமா, கிரிக்கெட், செய்தித்தாள் என்று பல காரணம் சொல்வார்கள். எல்லாம் சரிதான். ஆனால் சாதாரண மனுஷன் ஒரு வெளிநாட்டை முதலில் தொட்டுப் பார்ப்பது பெரும்பாலும் ஒரு பொருள் வழியாகத்தான். இந்த விஷயத்தில் நான் குடியிருக்கும் பட்டாபிராம் வசதியான இடம். ரயில் பாதையோடு கிழக்கே போனால் ஆவடி, அம்பத்தூர், அதையொட்டிப் பாடி. வெளிவட்டச் சாலையில் ஏறித் தெற்கே போனால் பூந்தமல்லி தாண்டி ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம். கடந்த எழுபது, எண்பது வருஷத்தில் வெளிநாட்டு முதலீடு எந்தெந்த வேஷத்தில் வந்தது என்று பார்க்க இந்தச் சுற்றுவட்டாரமே போதும்.

பேர் எடுத்ததும் பேர் கெட்டதும்

முதலில் கொஞ்சம் உலகத்தைச் சுற்றிவிட்டு வருவோம்.

1876இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஓர் உலகக் கண்காட்சி நடந்தது. அங்கே போன ஃபிரான்ஸ் ரூலோ என்ற ஜெர்மானியப் பொறியாளர், நம்ம நாட்டுச் சரக்கு மலிவு, மட்டம் என்று ஊருக்கு எழுதிவிட்டார். ஜெர்மனியில் பெரிய சலசலப்பு. 1887இல் பிரிட்டன் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பிரிட்டிஷ் சரக்கு போல வேஷம் போட்டு வரும் வெளிநாட்டுச் சாமான்களில் எந்த நாட்டில் செய்தது என்று முத்திரை இருக்க வேண்டும். குறி முக்கியமாக ஜெர்மனி மேல்தான். 'மேட் இன் ஜெர்மனி' என்று போட்டால் பிரிட்டிஷ்காரன் வாங்க மாட்டான் என்பது கணக்கு. கணக்கு தலைகீழாகப் போச்சு. ஜெர்மானியர்கள் தரத்தை ஏற்றிக்கொண்டே போனார்கள். அவமானமாக ஒட்டப்பட்ட சீட்டு இருபது வருஷத்துக்குள் விளம்பரமாகிவிட்டது.

ஜப்பானும் அப்படித்தான். என் தாத்தா வாயில் 'ஜப்பான் சாமான்' என்றால் இரண்டு நாளில் உடைகிற பொம்மை. என் அப்பா வாயில் அதே சொல், பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கிய டேப் ரெக்கார்டர், பத்து வருஷம் ஓடும் சாமான். நடுவில் 1950இல் டெமிங் என்ற அமெரிக்கர் ஜப்பானுக்குப் போய்ப் புள்ளியியல் வழியில் தரக் கட்டுப்பாடு பற்றி வகுப்பெடுத்தார். அந்த நாட்டுப் பொறியாளர்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். அவர் பெயரில் 1951 முதல் ஒரு பரிசே கொடுக்க ஆரம்பித்தார்கள். அந்தப் பரிசு பாடிக்கும் வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்த இரண்டு கதையிலும் பொருளைச் செய்த நாடும் பெயரைப் போட்ட நாடும் ஒன்று. அதனால் தரம் ஏறினால் பேரும் ஏறியது. இரண்டும் வேறு வேறு நாடாக இருந்தால் என்ன ஆகும்?

இதற்கு 2000களின் 'சைனா செட்' நல்ல உதாரணம். பஸ்ஸில் நாலு ஸ்பீக்கர் வைத்து அலறுமே, அந்த போன்தான். அதே காலத்தில் அதே சீனாவில்தான் ஐபோனும் தயாரானது. ஐபோனை யாராவது சைனா செட் என்று சொல்லிக் கேட்டிருக்கீங்களா? பேரில்லாத சாமானுக்குச் செய்த நாட்டின் பெயர் ஒட்டும். பேருள்ள சாமானுக்கு அந்தப் பெயருக்குச் சொந்தக்காரனின் நாடு ஒட்டும். மலிவுச் சரக்கின் கெட்ட பேர் முழுக்கச் சீனாவுக்கு, உசத்திச் சரக்கின் நல்ல பேர் கலிஃபோர்னியாவுக்கு. ஆலை என்னவோ ஒரே நாட்டில்தான் இருந்தது.

அம்பத்தூரில் ஓடிய இங்கிலாந்து

இனி நம்ம பக்கம். முருகப்பா குழுமம் 1949இல் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியோடு சேர்ந்து டிஐ சைக்கிள்ஸைத் தொடங்கியது. 1951இல் அம்பத்தூரில் ஹெர்குலிஸ் சைக்கிள் தயாராகி வெளியே வந்தது. ஹெர்குலிஸ் பர்மிங்காம் நகரத்துப் பெயர். பின்னால் வந்த பிலிப்ஸ், பிஎஸ்ஏ பெயர்களும் அந்த ஊர்தான். பிஎஸ்ஏ என்பதன் விரிவு 'பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ்', அடிப்படையில் ஒரு துப்பாக்கிக் கம்பெனி. நான் பள்ளிக்கூடம் போனது பிஎஸ்ஏ எஸ்எல்ஆரில். அந்த மூன்று எழுத்துக்குள் துப்பாக்கி இருக்கிறது என்பது எனக்கு இன்ஜினியரிங் முடித்த பிறகுதான் தெரியும்.

1955 ஜனவரியில் பக்கத்து ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி, 'சோஷலிச பாணிச் சமுதாயம்' என்று தீர்மானம் போட்டது. அதே வருஷம் அக்டோபர் 2ஆம் தேதி, பெரம்பூரில் சுவிட்சர்லாந்துக் கம்பெனியின் தொழில்நுட்பத்தோடு எழுந்த ரயில் பெட்டித் தொழிற்சாலையை நேரு திறந்துவைத்தார். சுயசார்பு என்று மேடையில் பேசிய காலத்திலும் தெருவில் மரியாதை வெளிநாட்டுப் பெயருக்குத்தான் இருந்தது. சைக்கிள் கடைக்காரர் 'இது இங்கிலீஷ் கம்பெனி சார்' என்று சொல்லித்தான் விற்பார். பைப்பை வளைத்தவரும் பெயின்ட் அடித்தவரும் நம்ம கொரட்டூர், திருமுல்லைவாயல் ஆட்களாக இருப்பார்கள்.

இதில் எனக்குப் பிடித்த திருப்பம் ஒன்று உண்டு. 1960இல் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸின் சைக்கிள் வியாபாரம் ராலேயோடு இணைந்தது. போகப் போக இங்கிலாந்தில் ஹெர்குலிஸ் மங்கிப்போனது. பெயர் பிறந்த ஊரில் அணைந்த பிறகும் அம்பத்தூர்ப் பெயராக ஓடிக்கொண்டே இருந்தது. ராயல் என்ஃபீல்டு இன்னும் பெரிய உதாரணம். 1955இல் இங்கிலாந்தின் ரெட்டிச் கம்பெனியும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் கைகோத்தன, திருவொற்றியூரில் ஆலை வந்தது. 1970 வாக்கில் இங்கிலாந்தில் கடை மூடியாச்சு. 1977இல் திருவொற்றியூரில் செய்த புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. இன்றைக்கு உலகம் முழுக்க விற்கும் அந்த வண்டி தன்னை 1901 முதல் இருக்கும் கம்பெனி என்றுதான் சொல்லிக்கொள்கிறது. செய்வது தமிழ்நாடு, முதலாளி இந்தியர், விற்பனைக்கு உதவுவது பழைய இங்கிலாந்தின் வாசனை. வியாபாரக் கணக்கில் கெட்டிக்காரத்தனம், சந்தேகமே இல்லை. ஆனால் ஓட்டுகிறவர் மனசில் எந்த நாட்டின் படம் வரும்?

இருங்காட்டுக்கோட்டையில் முளைத்த கொரியா

இப்போது வெளிவட்டச் சாலையில் ஏறுவோம்.

1996 மே மாதம் ஹூண்டாய் மோட்டார் இந்தியா தொடங்கப்பட்டது. ஆலைக்கு இருங்காட்டுக்கோட்டையைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்றைக்குக் கொரியா என்றால் நமக்கு என்ன தெரியும்? 1988 சியோல் ஒலிம்பிக். கொஞ்சம் வயசானவர்களுக்குக் கொரியப் போர். அந்தப் போர் முடிந்து போர்க் கைதிகளைத் திருப்பி அனுப்பும் ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் நம்ம ஜெனரல் திம்மய்யா. ராஜதந்திர வரலாற்றில் பெரிய விஷயம். ஆனால் அதை வைத்து யாரும் கொரியாவைப் பற்றி ஓர் அபிப்பிராயம் வளர்த்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

வெளியுலகத்தில் ஹூண்டாய்க்கு இருந்த பேரும் அப்போது அவ்வளவு நன்றாக இல்லை. 1986இல் எக்ஸெல் என்ற மலிவுக் காரோடு அமெரிக்காவில் நுழைந்து முதல் வருஷம் அமோகமாக விற்றார்கள். அப்புறம் வண்டிகள் பழுதாக ஆரம்பித்தன. அமெரிக்க டிவியில் இரவு நேர நகைச்சுவைக்காரர்களுக்கு ஹூண்டாய் தினசரித் தீனி ஆனது. 1997 டிசம்பரில் கொரியாவே ஐஎம்எஃப் கடனில் போய் நின்றது. இந்த நிலைமையில்தான் 1998 செப்டம்பரில் சான்ட்ரோ வந்தது. அதே 1998இல் அமெரிக்காவில் கெட்ட பேரைத் துடைக்க அந்தக் கம்பெனி எடுத்த ஆயுதம் பத்து வருஷ, ஒரு லட்சம் மைல் வாரண்டி. நம் ஊரில் துடைக்க வேண்டிய கறை எதுவும் இல்லை. ஒரு நாட்டின் பேரை வெள்ளைத்தாளில் எழுதும் வாய்ப்பு.

அந்த வெள்ளைத்தாளை அவர்கள் மறைக்கவில்லை என்பதுதான் விசேஷம். முதல் விளம்பரங்கள் நினைவிருக்கா? ஹூண்டாய் அதிகாரியாக வரும் ஒரு கொரியர் ஷாருக்கானிடம் எங்கள் காருக்கு விளம்பரம் செய்யுங்கள் என்று கேட்பார். ஷாருக் உடனே ஒத்துக்கொள்ள மாட்டார், நம்ம சந்தேகத்தையெல்லாம் அவர் கேட்பார். யாருய்யா நீங்க, எங்க நாட்டுக்கு இது தாங்குமா, சர்வீஸ் கிடைக்குமா என்கிற ரகம். இங்கிலீஷ் பெயர் ஒன்றைக் கடன் வாங்கி ஒளிந்துகொள்ளவில்லை. 'நாங்க கொரியா, எங்களை உங்களுக்குத் தெரியாது, கேளுங்க சொல்றோம்' என்று வந்து நின்றார்கள்.

உயரமான, கொஞ்சம் கோணலான அந்த வண்டியைப் பார்த்து முதலில் சிரித்தவர்கள் உண்டு. வண்டி ஓடியது. சர்வீஸ் சென்டர் ஊர் ஊராக வந்தது. இதே காலத்தில் இன்னொரு கொரியக் கம்பெனியும் இங்கே இருந்தது: டேவூ. சியலோ, மாட்டிஸ் எல்லாம் அவர்களுடையது. மாட்டிஸ் மோசமான வண்டி இல்லை. ஆனால் 1999இல் கொரியாவில் டேவூ குழுமமே கடனில் சரிந்தது. சில வருஷத்தில் இந்திய ஆலையும் நின்றது. வாங்கியவர்கள் உதிரி பாகத்துக்கு அலைந்தார்கள். ஹூண்டாயும் சேர்ந்து போயிருந்தால் 'கொரியா சாமான்' என்ற சொல் தமிழில் என்ன பொருளில் வழங்கியிருக்கும் என்று யோசித்துப் பாருங்க.

இதிலிருந்து எனக்குக் கிடைத்த பாடம் இது: பேர் விற்கும்போது பாதிதான் உருவாகிறது. பழுதாகும்போது யார் வந்து பதில் சொல்கிறார்கள் என்பதில் மீதிப் பாதி.

அப்புறம் நடந்தது நமக்குத் தெரியும். உதிரி பாகம் செய்யும் கொரியக் கம்பெனிகள் பின்னாலேயே வந்தன. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கொரிய எழுத்தில் போர்டு வைத்த ஓட்டல்கள் வந்தன. 2006இல் சென்னையில் இன்கோ சென்டர் என்ற இந்திய-கொரியக் கலாச்சார மையம் வந்தது. அப்புறம் சீரியல், பாட்டு, நூடுல்ஸ்.

ஒரு விஷயம் கவனித்தேன். ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905லேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். இன்றைய மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்பதில்லை. அது இருக்கட்டும். நான் சொல்ல வருவது அந்தப் புத்தகத்தின் தலையெழுத்தைப் பற்றி. தொண்ணூறு வருஷம் தமிழ்நாட்டுத் தெருவில் அதை யாரும் சீண்டவில்லை. 'கொரியாவிலும் அம்மா அம்மாதான், அப்பா அப்பாதான்' என்ற பேச்சு டீக்கடை வரைக்கும் வந்தது ஹூண்டாய்க்குப் பிறகுதான். கொரிய மன்னனை மணந்த இந்திய இளவரசியின் கதையும் அப்படியே. அவளை அயோத்திக்காரி என்று ஒருத்தர் சொல்ல, தமிழச்சி என்று இன்னொருத்தர் சண்டைக்கு வருகிறார். முதலில் கார் வந்தது, அப்புறம் சம்பளம் வந்தது, அதற்கப்புறம்தான் சொந்தம் கொண்டாட ஆசை வந்தது. வரலாற்றில் இது எங்கேயும் இதே வரிசையில்தான் நடக்கும் என்று சொல்ல மாட்டேன். நம் கண் முன்னால் நடந்தது இந்த வரிசையில்.

அதே கார் லண்டனில்

கதையின் மறுபக்கம் துறைமுகத்துக்கு வெளியே இருக்கிறது.

2007 அக்டோபரில் ஐ10 அறிமுகமானது. அந்த முதல் தலைமுறை ஐ10 உலகத்துக்கே இருங்காட்டுக்கோட்டையிலிருந்துதான் போனது. ஐரோப்பாவுக்கும் சரி, பிரிட்டனுக்கும் சரி, நம்ம ஆலைதான். 2009இல் பொருளாதாரச் சரிவைச் சமாளிக்க பிரிட்டிஷ் அரசு ஒரு திட்டம் போட்டது. பத்து வருஷத்துக்கு மேலான காரைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டுப் புதுக் கார் வாங்கினால் 2,000 பவுண்டு தள்ளுபடி, பாதி அரசு, பாதி கம்பெனி. அந்தத் திட்டத்தில் மிக அதிகமாக விற்ற கார்களில் ஐ10 முன்னணியில் இருந்தது.

யோசித்துப் பாருங்க. பர்மிங்காம் சைக்கிளை அம்பத்தூரில் செய்து ஓட்டிய ஊர்க்காரர்கள், அறுபது வருஷத்துக்குள் பர்மிங்காம் தாத்தா பாட்டிக்குக் கார் செய்து அனுப்பியிருக்கிறார்கள். சினிமாவாக இருந்தால் இந்த இடத்தில் பின்னணி இசை உச்சத்துக்குப் போயிருக்கும். ஆனால் அந்தப் பாட்டி என்ன நினைத்திருப்பார்? 'இந்தக் கொரியக் கார் பரவாயில்லையே.' கார்ப் பத்திரிகை படிக்கிறவர்களுக்கு அது எங்கே செய்தது என்று தெரிந்திருக்கும். மற்றவர்களுக்கு அது தெரியவேண்டிய அவசியமே இல்லை.

இதற்கு ஒரு சோதனையும் தானாகவே நடந்தது. 2013இல் ஐரோப்பாவுக்கான அடுத்த தலைமுறை ஐ10 தயாரிப்பு துருக்கியின் இஸ்மித் ஆலைக்குப் போனது. ஃபோர்டு மறைமலை நகரில் செய்து ஐரோப்பாவுக்கு அனுப்பிய ஈகோஸ்போர்ட் 2017இல் ருமேனியாவுக்குப் போனது. வாங்குகிறவர் கண்ணில் எதுவும் மாறவில்லை. கொரியக் கார் கொரியக் காராகவே இருந்தது, ஃபோர்டு ஃபோர்டாகவே இருந்தது. செய்த நாட்டை மாற்றியும் பேர் அசையவில்லை என்றால், செய்த நாட்டுக்கு அதில் பேர் சேரவே இல்லை என்றுதானே அர்த்தம்?

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் பாதி உண்மைதான். இந்தியாவின் பேர் உயர்ந்த ஓர் இடமும் உண்டு: அடுத்த ஆலையை எங்கே போடலாம் என்று முடிவு செய்கிறவர்கள் உட்காரும் அறைகள். சென்னையில் செய்த கார் ஐரோப்பாவில் ஓடுகிறது என்பது அங்கே பெரிய சான்றிதழ். ரெனோ-நிசான் ஒரகடத்துக்கு வந்ததும், போன் கம்பெனிகள் ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி வந்ததும் அந்தச் சான்றிதழின் பலன் இல்லாமல் இல்லை. 2020 ஜனவரியில் ஹூண்டாய் இந்தியாவிலிருந்து 30 லட்சமாவது காரை ஏற்றுமதி செய்தது. அந்த 30 லட்சம் கார்களும் முதலாளிகள் வட்டாரத்தில் நமக்குப் பேர் வாங்கிக் கொடுத்தன, வாங்குகிறவர்களிடம் கொரியாவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தன. இரண்டும் வேறு வேறு கணக்கு. முதல் கணக்கில் வேலை வரும், சம்பளம் வரும். இரண்டாவது கணக்கில் லாபம் வரும். 2024 அக்டோபரில் ஹூண்டாய் இந்தியா பங்கு வெளியிட்டது, 27,870 கோடி ரூபாய், அதுவரை இந்தியா கண்ட மிகப் பெரிய வெளியீடு. அந்தப் பணம் முழுக்கத் தாய்க் கம்பெனிக்குத்தான் போனது. சட்டப்படி அதில் தப்பு ஏதுமில்லை. பேர் யாருடையதோ, அறுவடையும் அவர்களுடையது.

நிலம் சொல்லும் பேர்

கொரியா என்றால் இந்தியாவில் எல்லோருக்கும் நல்ல கார் நினைவுக்கு வராது. ஒடிசாவின் ஜகத்சிங்பூர் மாவட்டத்தில் திங்கியா என்ற ஊரில் போய்க் கேட்டால் வேறு பெயர் வரும்: போஸ்கோ. 2005இல் அந்தக் கொரிய எஃகுக் கம்பெனி ஒடிசா அரசோடு ஒப்பந்தம் போட்டது. சுமார் 52,000 கோடி ரூபாய் முதலீடு, அன்றைக்கு நாட்டின் மிகப் பெரிய அந்நிய முதலீடு என்று தலைப்புச் செய்தி. அந்த நிலத்தில் மக்கள் வெற்றிலைக் கொடிக்கால் போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். பத்து வருஷத்துக்கு மேல் போராட்டம். 2017இல் கம்பெனி நிலம் வேண்டாம் என்று விலகியது. ஆலை வரவில்லை, ஒரு கிலோ எஃகு உருகவில்லை. பேர் மட்டும் உருவாகிவிட்டது.

நம்ம பக்கமும் 2024 செப்டம்பர் 9ஆம் தேதி ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். முக்கியக் கோரிக்கை, சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும். அக்டோபர் நடுவில்தான் முடிந்தது. அந்த ஒரு மாதத்துக்கு மேல் பந்தலில் உட்கார்ந்தவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் கொரியா என்பது டிவி பெட்டியோ சீரியலோ இல்லை, பேச்சுவார்த்தைக்கு எதிரில் உட்கார்ந்த ஒரு நிர்வாகம். அதே வாரங்களில் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் கொரியப் பாட்டு கேட்டிருப்பார்கள் என்பதும் உண்மைதான்.

ஏற்றுமதிச் சாமான் கடைக்கு வருகிறது, பிடிக்கவில்லை என்றால் வாங்காமல் போகலாம். முதலீடு அப்படியில்லை. அது பக்கத்து வீட்டுக்காரனாக வந்து குடியேறுகிறது. நிலம் எப்படி எடுத்தான், தண்ணியை எங்கே விட்டான், கூலி எப்படிக் கொடுத்தான் என்பதெல்லாம் சேர்ந்து ஒரு நாட்டின் பேராக ஆகிவிடுகிறது. வெளிநாட்டில் ஆலை போடும் இந்தியக் கம்பெனிகளுக்கும் இதே அளவுகோல்தான்.

நம்ம பேர் போட்ட ஒரே சரக்கு

அப்படியானால் நம் ஊர்ப் பெயர் உலகத்தில் எங்கேயும் போகவில்லையா? போனது. அதுவும் முந்நூறு வருஷத்துக்கு மேலாக.

1639இல் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே இடம் பிடித்ததே துணிக்காகத்தான். பிற்பாடு 'மெட்ராஸ்' என்பது ஆங்கில அகராதியில் கட்டம் போட்ட ஒரு பருத்தித் துணியின் பெயராகவே ஏறிவிட்டது. கரீபியன் தீவுகளான மார்டினிக், குவாதலூப் பெண்கள் தலையில் கட்டும் பாரம்பரியத் துணியின் பெயர் மெட்ராஸ். நைஜீரியாவில் கல்யாண வீடுகளில் உடுத்தும் ஒரு துணிக்கு 'ஜார்ஜ்' என்று பெயர். அது நம்ம செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலிருந்து வந்த பெயர் என்று சொல்வார்கள்.

1950களின் கடைசியில் அமெரிக்காவில் நடந்ததாக விளம்பரத் துறையில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் ஒரு கதை இருக்கு. மெட்ராஸ் துணியில் தைத்த சட்டைகளைத் துவைத்ததும் சாயம் போனது. வாங்கியவர்கள் சண்டைக்கு வந்தார்கள். விற்றவர்கள் மன்னிப்புக் கேட்கவில்லை. 'சாயம் போவதுதான் இதன் அழகு, ஒவ்வொரு துவைப்பிலும் புது நிறம்' என்று பிரசாரம் செய்து, அந்தக் குறையையே ஃபேஷன் ஆக்கிவிட்டார்கள். சட்டை இன்னும் அதிகமாக விற்றது. அங்கேயும் பதில் சொன்னவர் நியூயார்க்கில் இருந்தார். தறியில் உட்கார்ந்தவருக்கு இப்படி ஒரு கலாட்டா நடந்ததே தெரிந்திருக்காது. துணியில் மெட்ராஸ் என்ற பெயர் இருந்தது, அந்தப் பெயரைப் பேசவைத்தவர்கள் வேறு ஆட்கள். பிரிட்டனின் இந்தியன் ஓட்டல்களில் 'மெட்ராஸ்' என்று ஒரு காரக் குழம்பு இருக்கிறதே, அதுவும் இப்படித்தான். மெட்ராஸில் எந்த வீட்டிலும் அது கொதித்ததில்லை.

பட்டாபிராமிலிருந்து பார்த்தால்

பாடிக்கு வருகிறேன் என்றேன். 1998இல் பாடியில் இருக்கும் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு டெமிங் பரிசு வாங்கியது. இந்தியக் கம்பெனி ஒன்று அதை வாங்கியது அதுவே முதல் முறை. 'ஜப்பான் சாமான்' என்ற சொல்லின் பொருளையே மாற்றிய தரத்துக்கான பரிசு, அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில். சான்ட்ரோ வெளிவந்த அதே வருஷம். சான்ட்ரோவால் கொரியா வீட்டு வாசலுக்கு வந்தது. பிரேக் வண்டிக்கு அடியில் இருக்கும் பொருள், அதன் மேல் இருக்கும் பெயரை ஓட்டுகிறவர் பார்ப்பதே இல்லை. பாடியிலும் ஜெர்மனி, ஜப்பான் போலத் தரம் ஏறியது. பேர் ஏறுவதற்கான படிக்கட்டுதான் அங்கே இல்லை.

என் தொழிலும் வண்டிக்கு அடியில் இருக்கும் தொழில்தான். இருபது வருஷமாக நான் எழுதிய புரோகிராம்கள் எந்தெந்த நாட்டு பேங்கில், எந்தெந்தப் பெயரில் ஓடுகின்றன என்று எனக்கே முழுதாகத் தெரியாது. மீட்டிங்கில் எங்களுக்குப் பெயர் 'ஆஃப்ஷோர்'. நன்றாக ஓடினால் அது அவர்கள் பிராடக்ட், பழுதானால் 'ஆஃப்ஷோர்' வேலை. சைனா செட் கணக்குத்தான், வேறென்ன. 2024 நவம்பரில் எங்கள் பட்டாபிராமில் 21 மாடி டைடல் பூங்கா திறந்தார்கள். மேற்குப் பக்கத்துப் பிள்ளைகள் ரயில் ஏறித் தரமணி வரைக்கும் போகாமல் வேலை செய்யலாம். எனக்கு அதில் உண்மையான சந்தோஷம். அந்த 21 மாடியில் எத்தனை மாடி வேலைக்கு நம் பெயர் இருக்கும் என்பதுதான் என் கேள்வி.

முடியாத காரியம் இல்லை. 1996இல், ஹூண்டாய் இங்கே வந்த அதே வருஷம், அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய ஒரு கம்பெனி இன்று ஸோஹோ என்ற தன் சொந்தப் பெயரில் உலகம் முழுக்க மென்பொருள் விற்கிறது, வாடிக்கையாளர் கேள்விக்குத் தானே பதில் சொல்கிறது. கொரியர்கள் இருங்காட்டுக்கோட்டையில் செய்ததும் இதே இரண்டு வேலைதான்: பெயரைப் போட்டார்கள், பழுதானபோது வந்து நின்றார்கள். ஆலை மட்டும் இருந்தால் சம்பளம் வரும், சம்பளம் பெரிய விஷயம்தான், அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் நம்மைப் பற்றி வெளியாட்கள் மனசில் இருக்கும் படத்தை அது மாற்றாது.

வீட்டில் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்க. ஒரு பொருளை எடுத்து முன்பக்கம் யார் பெயர் என்று பாருங்க. திருப்பி, எங்கே செய்தது என்று பாருங்க. அப்புறம் வாரண்டி அட்டையை எடுத்து, கெட்டுப்போனால் எந்த ஊருக்குப் பேச வேண்டும் என்று பாருங்க. எங்கள் வீட்டில் இந்த மூன்றுக்கும் நம்ம பக்கத்து ஊர் வந்த பொருள்கள் ரொம்பக் குறைவு. முதலில் தேறியது கோயம்புத்தூர் வெட் கிரைண்டர். அமெரிக்காவில் இருக்கும் என் மைத்துனன் வீட்டிலும் அதுதான் ஓடுகிறது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் ஒரு நாள் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்து, இது என்ன மெஷின், எந்த ஊர் என்று கேட்டாராம்.